கொரங்காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் குடியிருக்கிற பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கொரங்காடு, அதாவது உயிர்வேலிக்குள் புல்லும் வெள்வேல மரமும் வளரும் மேய்ச்சல் காடு, வைத்துக்கொண்டு, அதை ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள். காடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “சும்மாதான் கிடக்கிறது. ஆடு மேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.” ஏழு ஆண்டுகள் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா 2014இல் தவறினார். நான் ஈரோட்டில் வேலையில் இருந்தேன். கிளுவை வேலியால் நான்கு காடுகளாகப் பிரித்திருந்த 12 ஏக்கரையும் ஒரே ஆளுக்குக் குத்தகைக்கு விட்டேன். வருடத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பணத்தை வாங்கிக்கொண்டதோடு சரி. எத்தனை ஆடு வரும், எந்தக் காட்டில் எப்போது மேயும், புழுக்கை எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஐப்பசியில், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். எங்கள் காட்டிலிருந்து, வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடமான இட்டேரிக்குச் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகனுடைய காடு. அதே மண், அதே சரிவு, அதே மழை. அங்கிருந்து வழிந்த தண்ணீர் மிகக் குறைவு, வந்ததும் தெளிவாக இருந்தது. அண்ணன் காட்டிலும் மாடு மேய்கிறது, செம்மறி மேய்கிறது. மேய்ச்சல் இரண்டு பக்கமும் உண்டு. அப்படியானால் என் மண் மட்டும் ஏன் ஓடுகிறது? இந்த மடல் முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்தான்.

அந்தக் காட்டுக்குள் குனிந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். மிச்சமிருந்த கொழுக்கட்டைப் புல் தூர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மண்மேட்டின் உச்சியில் நின்றன. யாரோ தூருக்கு மண் அணைத்து வைத்தது போல இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். யாரும் மண் அணைக்கவில்லை. தூர் பிடித்து வைத்திருந்த மண் மட்டும் நின்றிருக்கிறது, சுற்றிலும் இருந்த மண் இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. எங்கள் காட்டின் பழைய தரை எந்த மட்டத்தில் இருந்தது என்று அந்தத் தூர்கள்தான் எனக்குக் காட்டின.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் இறங்கினால் நான்கு கன மீட்டர் மண் போய்விட்டது என்று பொருள். நாம் வீடு கட்ட மணல் வாங்கும் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட். அந்த ஒரு மில்லிமீட்டர் திரும்ப உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். நம் பகுதியில் மேல்மண்ணே ஓரிரு அடிதான், அதற்குக் கீழே சரளையும் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல்லும். நான் இழந்தது இரண்டு விரல் மண். குத்தகைப் பணம் என்று ஏழு ஆண்டுகளில் வாங்கியது, அந்த மண்ணை லாரியில் ஏற்றி விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்துக்கும் குறைவு.

அடுத்த கோடையில் ஒரு சோதனை செய்தேன். ஆறு அங்குல வாயுள்ள பழைய பால்மாவு டப்பா ஒன்றின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, தரையில் மூன்று விரல் ஆழம் இறங்கும்படி அடித்து, உள்ளே அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். அண்ணன் காட்டில், புல் தூர்களுக்கு நடுவில், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் காணாமல் போனது. என் காட்டில் நாற்பது நிமிடம் கழித்தும் டப்பாவில் முகம் தெரிந்தது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது 40,000 லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வரவழைக்கும் டேங்கர் லாரிகளில் மூன்றுக்கு மேல். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெறுகிற, அதிலும் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவத்தின் சில கனத்த மழைகளாகவே பெறுகிற நம் ஊரில், மழையை வாங்கத் தெரியாத தரையை வைத்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இல்லை என்று புலம்புகிறோம்.

பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூரைத் தோண்டி எடுத்தேன். அண்ணன் காட்டுத் தூரின் வேர்கள் மண்ணை விடவே இல்லை. உதறினால் குருணை குருணையாக மண் ஒட்டிக்கொண்டு வந்தது. முழங்கை நீளத்துக்கும் கீழே வேர் போய்க்கொண்டிருந்ததால் மண்வெட்டியை வைத்துவிட்டேன். என் காட்டுத் தூர் இழுத்த இழுப்பில் வந்துவிட்டது. வேர் ஒரு விரல் நீளம், பாதி செத்துக் கறுத்துப் போயிருந்தது.

காரணம் புதிதல்ல. புல்லின் சமையல் இலையில் நடக்கிறது, சாப்பாடு வேருக்கும் போகிறது. 1955இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவர் பலவகைப் புற்களை வெவ்வேறு அளவில் வெட்டிவிட்டு வேர்களைக் கவனித்து எழுதினார். தழையில் பாதிக்குக் குறைவாக வெட்டியபோது வேர் தன் பாட்டுக்கு வளர்ந்தது. பாதியைத் தாண்டியதும் வேர் வளர்ச்சி நின்றது. வெட்டு ஆழமாக ஆக, நின்ற நாட்களும் கூடின. துளிர்த்ததை மறுபடி மறுபடி வெட்டினால் வேருக்கு எழவே நேரம் கிடைப்பதில்லை. என் காட்டில் நடந்தது அதுதான். ஒரு முறை மேய்ந்ததால் புல் சாகவில்லை. இரண்டு இலை விட்டதும் மறுபடி ஆட்டு வாய், மறுபடி இரண்டு இலை, மறுபடி வாய் என்று ஏழு ஆண்டுகள் போயின.

வேர் குறைந்தால் மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வேரில் ஒரு பங்கு செத்து மண்ணோடு மண்ணாகிறது. மண்ணின் கரிமத்தில் பெரும்பங்கு அப்படி வருவதுதான். செத்த வேர் இருந்த இடம் தண்ணீர் இறங்கும் குழாயாகிறது. வேரின் பிசின்தான் மண்ணைக் குருணையாகக் கட்டிவைக்கிறது. இவை இல்லாத மண் வெறும் பொடி. அதன்மேல் மழைத்துளி விழுந்தால் பொடி தெறித்து, துளைகளை அடைத்து, காய்ந்ததும் தோசைக்கல் போல ஒரு பொருக்கு. அடுத்த மழை அதன்மேல் வழுக்கிக்கொண்டு இட்டேரிக்குப் போகிறது.

இதோடு குளம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டின் குளம்பு சிறியது. ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் உடம்பின் பாரம் முழுவதும் இறங்குகிறது. காய்ந்த தரையில் அதனால் பெரிய கேடில்லை. மேல் பொருக்கை உடைத்துவிடுவதால் சில சமயம் நன்மையும் உண்டு. ஈரத்தில் மிதிக்கும்போதுதான் மண் செங்கல்லுக்குப் பிசைந்தது போல இறுகிவிடுகிறது. முதல் மழை விழுந்ததும் அப்பா காட்டு வாசல் படலை இழுத்துக் கட்டிவிடுவார். மாடுகள் கட்டுத்தரையில் நின்று சோளத்தட்டு தின்னும். பசுமை கண்ணெதிரே இருக்க, மாடு கத்திக்கொண்டு நிற்கிறதே என்று சிறுவயதில் எனக்கு ஆத்திரமாக வரும். “காடு ஆறட்டும்” என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. புல் முழங்கால் உயரம் வந்து, கதிர் தள்ளி, விதை உதிரும் வரைக்கும் இரண்டு காடுகளின் படல் திறக்காது. மற்ற இரண்டில் மாடும் ஆடும் மாறி மாறி மேயும். கிளுவை வேலியை நம் முன்னோர் அழகுக்கு நடவில்லை. ஒரு காட்டை மூடி ஒரு காட்டைத் திறக்க வேண்டுமென்பதற்காகத்தான் 12 ஏக்கரை நான்காக வகுத்தார்கள். எங்கள் காட்டில் ஏழு ஆண்டுகள் நான்கு படல்களும் திறந்தே கிடந்தன. ஒரு படல் கறையான் தின்று விழுந்தே போயிருந்தது.

அப்பா காலத்தில் மூன்று மாடும் இருபத்தைந்து செம்மறியும் இருந்தன. குத்தகைக்காரர் விட்டது 180 ஆடு. எண்ணிக்கை மட்டும் அல்ல, வாயும் வேறு. மாடு நாக்கால் வளைத்துப் பிடித்து இழுக்கும், அடியில் நான்கு விரல் தண்டு மிஞ்சும். செம்மறிக்கு மேலுதடு பிளந்தது. தரையை ஒட்டி, தூரின் கண் வரைக்கும் கத்தரித்துவிடும். வெள்ளாடு தலை நிமிர்ந்து வேலியையும் வெள்வேலையும் தேடும். காங்கேயம் மாட்டுக்குப் பின்னால் செம்மறி, அதற்குப் பின்னால் ஓய்வு என்பதுதான் பழைய வரிசை. இப்போது மாடு போய்விட்டது, ஓய்வும் போய்விட்டது. செம்மறி மட்டும் ஆண்டு முழுவதும்.

புழுக்கை விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நாம் தெரியாமலே மிகப் பெரிய நஷ்டப்படுகிறோம் என்று எனக்குப் படுகிறது. மாடும் ஆடும் தின்ற தழைச்சத்தில் (நைட்ரஜனில்) நான்கில் மூன்று பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடும். வந்தது அதே மண்ணில் விழுந்தால் கணக்கு ஏறத்தாழ நேராகும். அப்பா படல் கட்டிப் பட்டி போடுவார், சில நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றுவார். மெலிந்த இடமாகப் பார்த்து மாற்றுவார். குத்தகைக்கு விட்ட பிறகு பட்டி ஒரே இடத்தில். அங்கே விழுந்த புழுக்கை எல்லாம் சாக்கில் ஏறி, எங்கோ ஒரு மலைத்தோட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் காட்டின் சத்து ஏழு ஆண்டுகள் லாரியில் வெளியூர் போயிருக்கிறது. அது குத்தகைக்காரருடைய வருமானம், பேசும்போது நான் மறுக்கவில்லை, அவர்மேல் பிழையில்லை.

சாணத்தை வேலை வாங்குகிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள். அண்ணன் காட்டில் இரண்டு நாள் ஆன சாணியைக் குச்சியால் புரட்டினால் அடியில் விரல் நுழையும் துளைகள். கருவண்டுகள் உருண்டை உருண்டையாக மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருக்கின்றன. சத்தும் உள்ளே போகிறது, தண்ணீர் இறங்க வழியும் கிடைக்கிறது. என் காட்டில் மேய்ந்த ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து அடிக்கடி போடப்பட்டது. நெரிசலில் மேய்ந்தால் புழு வரத்தான் செய்யும், மருந்து போடத்தான் வேண்டும். ஆனால் ஐவர்மெக்டின் போன்ற மருந்து போட்டபின் சில வாரங்களுக்குச் சாணத்தில் அதன் மிச்சம் இருக்கும், அது வண்டின் புழுக்களைக் கொல்லும். எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தேவையான ஆட்டுக்குத் தேவையான நேரத்தில் போட்டால் வண்டும் பிழைக்கும்.

ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான். புல் மூடிய காட்டில் அது தலையை ஆட்டிவிட்டுப் போகும். மொட்டைக் காட்டில் மண்ணின் மெல்லிய பகுதியை, அதாவது சத்துள்ள பகுதியை, அள்ளிக்கொண்டு போகும். ஆடியில் நம் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலை மூடிக்கொள்கிறார்களே, அவர்கள் கண்ணில் விழுவது நம் காடுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘ஆட்டை வெளியேற்றி, கம்பி வேலி போட்டு, காட்டை அப்படியே விட்டுவிடுகிறேன்’ என்று யாராவது கிளம்பினால் அதையும் வேண்டாம் என்பேன். எங்கள் ஊர்க் கிழக்கே ஒருவர் அப்படித்தான் செய்தார். முதல் இரண்டு ஆண்டுகள் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பிறகு கொழுக்கட்டைப் புல் முதிர்ந்து, நின்ற வாக்கிலேயே காய்ந்து சாம்பல் நிறமாகி, அடியில் வரும் புதுத் துளிருக்கு வெயில் கிடைக்காமல் அடைத்துக்கொண்டது. தூரின் நடுப்பகுதி செத்தது. இடைவெளியில் சீமைக் கருவேலம் நுழைந்தது. இப்போது உள்ளே நடக்க அரிவாள் வேண்டும். நம் கொரங்காடு மனிதனும் மாடும் சேர்ந்து வளர்த்த புல்வெளி. வாய் படாமல் அது நிற்காது.

நேர் எதிராக, மந்தையை நெருக்கி ஓட்டி மேய்த்தாலே பாலைவனமும் பசுமையாகிவிடும், காற்றில் ஏறிய கரியமில வாயுவை எல்லாம் மண் விழுங்கிவிடும் என்று ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி 2013இல் பேசிய பேச்சை உங்களில் சிலர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அவ்வளவு பெரிய வாக்குறுதிக்குச் சான்று இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பின்னர் எழுதினார்கள். நானும் அதை நம்பவில்லை. பெய்யாத மழைக்கு எந்த மாடும் புல் முளைக்க வைக்காது. பெய்த மழையை வீணாக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான் நம் கையில்.

குத்தகைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய ஊர்களில் மேய்ச்சல் புறம்போக்கு வீட்டுமனையாகவும் கட்டடமாகவும் போய்விட்டது. காசு கொடுத்துத்தான் புல் வாங்க வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டியவர், அடுத்த ஆண்டு இந்தக் காடு தனக்கா இன்னொருவருக்கா என்று தெரியாதவர், எதற்காகப் புல்லை மிச்சம் வைப்பார்? அவர் விட்டுவைப்பதை அடுத்து வருபவர் மேய்ப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் தரை தெரிய மேய்த்திருப்பேன். அவரை அப்படி மேய்க்க வைத்தது நாம் எழுதிக் கொடுத்த ஓராண்டுக் குத்தகை.

அதனால் 2022இல் அதே குத்தகைக்காரரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசினேன். ஐந்து ஆண்டுக்கு எழுதினோம். பணத்தைக் கால்வாசி குறைத்தேன். அதற்குப் பதிலாக அவர் ஒப்புக்கொண்டவை: ஐப்பசி முதல் மழையிலிருந்து விதை உதிரும் வரை இரண்டு காடுகள் மூடியிருக்கும், எந்த இரண்டு என்பது ஆண்டுதோறும் மாறும். ஆடு எழுபதுக்கு மேல் வராது. பட்டி இடம் மாறும், புழுக்கையில் பாதி காட்டிலேயே தங்கும். மழை பொய்த்த ஆண்டில் ஆட்டைக் குறைத்தால் நான் பணத்தையும் குறைப்பேன். இந்தக் கடைசி வரியைக் கேட்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. வறட்சியில் ஆட்டை விற்க மனமில்லாமல், கட்டிய பணத்தை எடுக்க வேண்டும் என்பதற்காகவே கடைசிப் புல்லையும் மேய்த்ததாக அவரே சொன்னார். புல்லுக்கு மிக அதிகக் கேடு நடப்பது அந்த வறண்ட மாதங்களில்தான்.

மொட்டை இடங்களில் கொழுக்கட்டை விதையைச் சாணமும் செம்மண்ணும் கலந்து தூவி, மேலே வெள்வேல் முள்ளை வெட்டிப் போட்டோம். முள் இருந்தால் ஆடு வாய் வைக்காது, சருகும் தங்கும். ஓடைத்தடம் விழுந்த இடங்களில் குறுக்கே கல் அடுக்கினோம். மூன்று மழைக்காலம் ஆயிற்று. பால்மாவு டப்பாவில் நாற்பது நிமிடத்துக்கு மேல் நின்ற தண்ணீர் இப்போது பதினெட்டு நிமிடத்தில் இறங்குகிறது. அண்ணன் காட்டின் ஐந்து நிமிடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அரைக் காணி அளவுக்கு இன்னும் ஒரு புல் முளைக்கவில்லை. ஆட்டுத் தடம் பதிந்து பதிந்து அங்கே மண்வெட்டி எகிறுகிறது. தொட்டியை இடம் மாற்றிக் கட்ட வேண்டும், இந்த ஆண்டு செய்துவிடுவேன்.

2017 ஜனவரியில் நாட்டு மாட்டுக்காக லட்சக்கணக்கானோர் மெரினாவில் நின்றார்கள். உங்கள் பிள்ளைகளும் போனார்கள், சட்டமும் வந்தது. அந்த நாட்டு மாடுகளில் ஒன்றான காங்கேயம் காளையின் எலும்பைக் கட்டியது இந்தச் சுக்கான் மண்ணில் விளைந்த கொழுக்கட்டைப் புல் என்று அன்றைக்கு யாரும் பேசக் கேட்கவில்லை. அரசின் தரிசு நில வரைபடங்களில் நாட்டின் புல்வெளிகளில் பெரும்பகுதி இன்றும் தரிசுக் கணக்கில்தான் நிற்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை நிறைய உண்டு, அதைத் தனியே எழுதுவேன். ஆனால் கொரங்காட்டில் மிகப் பெரும்பகுதி பட்டா நிலம். அதாவது நம் பெயரில் இருக்கிறது. நம் படலை மூடுவதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.

விலை கேட்டு உங்களுக்கு வாராவாரம் போன் வருகிறது என்று தெரியும். சோலார் தகடு பதிக்கக் கேட்கிறார்கள், மனை போடக் கேட்கிறார்கள், உழுது முருங்கை வைக்கச் சொல்கிறார்கள். விற்காதீர்கள் என்று உங்களுக்குக் கட்டளை இட எனக்கு உரிமை இல்லை. பிள்ளையின் படிப்பும் மருத்துவச் செலவும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் விற்காமல் வைத்திருப்பவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வரும் சித்திரையில் குத்தகை புதுப்பிக்கும்போது பணத்தை மட்டும் பேசாதீர்கள். எந்தக் காடு ஆறும், எத்தனை ஆடு, பட்டி எங்கே, மழை பொய்த்தால் என்ன என்ற நான்கையும் பேசி எழுதுங்கள். ஓராண்டுக்கு எழுதாதீர்கள். கொஞ்சம் குறைந்த பணத்துக்குச் சம்மதியுங்கள்.

நான் எழுதிய குத்தகைச் சீட்டின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சித்திரையில் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் காட்டுக்குள் இறங்குங்கள். புல் தூர் தரையோடு இருக்கிறதா, மேட்டில் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். டப்பா என்னிடம் இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் மட்டும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காட்டுக்காரன்